யாரும் தொடாத இடம்

பேரையூர் போகிற சாலையில் முத்திருளன் மாட்டுத்தீவன ஆலை என்று ஒன்று. அங்கே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதை யாரும் அணைப்பதே இல்லை. அணைத்தால் மறுபடி எழுந்திருக்காது என்று ஒரு பேச்சு. யார் கிளப்பிவிட்ட பேச்சு என்று கேட்டால் ஆளாளுக்கு அடுத்தவரைக் கைகாட்டுவார்கள். ஆனாலும் அணைத்துத்தான் பார்ப்போமே என்கிற துணிச்சல் ஒருவருக்கும் வந்ததில்லை. கரண்ட் போனாலும் அதற்குத் தெரியக்கூடாது என்று தனியாக பேட்டரி வைத்து, தவிட்டுத் தூசி படாமல் துணி போர்த்தி, தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளையைத் தாங்குவதுபோல் தாங்கிக்கொண்டிருந்தார்கள்.

தாங்கியதற்குக் காரணமும் இருந்தது. மக்காச்சோளம், தவிடு, பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு, உப்பு என்று ஆலைக்குள் வரிசையாகத் தொட்டிகள் நிற்கும். எந்தத் தொட்டியை எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு விழுந்ததும் மூட வேண்டும் என்று உத்தரவு போடுவது அந்தக் கம்ப்யூட்டர். கறவை மாட்டுக்கு ஒரு கலவை, சினை மாட்டுக்கு ஒரு கலவை, கன்றுக்கு வேறொன்று. எல்லாம் அதற்குள்தான். அது கண்ணை மூடினால் மண்வெட்டியை எடுத்துக் கையால் கலக்க வேண்டியதுதான். மழை பொய்த்த வருடங்களில் பேரையூர்ப் பக்கம் பச்சையாக எதையும் பார்க்க முடியாது. விவசாயம் பார்க்கிற சம்சாரிகள் இந்த ஆலையின் மூட்டையை நம்பித்தான் மாட்டைக் கட்டிவைத்திருந்தார்கள்.

ஆலையின் கம்ப்யூட்டர், கட்டுப்பாட்டுக் கருவி வேலைகள் அத்தனைக்கும் பொறுப்பு ரூத். மதுரை விளாங்குடியில் வீடு. கணவன் ஜெரால்ட் மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அந்தக் கம்ப்யூட்டரை நினைத்தால் ரூத்துக்குக் கவலைதான். அதில் ஓடியது பழைய விண்டோஸ். அதை உண்டாக்கிய கம்பெனியே இனி எங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று கைகழுவி வருடக்கணக்கில் ஆகிவிட்டது. ஒரு வைரஸ் புகுந்தால் கேட்க நாதியில்லை. பழுதானால் போட உதிரிப்பாகமும் கிடைக்காது.

அதனால் அவள் ஒரு திட்டம் போட்டாள். முதலில் ஆபீஸில் இருக்கும் கம்ப்யூட்டர்கள். அவற்றில் புது விண்டோஸ் போடும்போது ஏதாவது கோளாறு வந்தால் சம்பளச் சீட்டு ஒரு நாள் தாமதமாகும், அவ்வளவுதான். அடுத்து லாரி எடைமேடை. அங்கே கோளாறு வந்தால் டிரைவர்கள் கத்துவார்கள். கத்தினால் கத்தட்டும். கடைசியாகக் கலவைக் கம்ப்யூட்டர். அதற்குப் புதுப் பெட்டி, புது விண்டோஸ். புதியது சரியாக ஓடிக் காட்டும்வரை பழையதைப் பிரித்துப்போடாமல் அப்படியே வைத்திருக்க வேண்டும். முன்னால் வைத்த கால் வழுக்கினால் பின்னால் வைக்க இடம் வேண்டும் என்பது அவள் கொள்கை. ஆபீஸும் எடைமேடையும் சத்தமில்லாமல் முடிந்தன. கலவைக் கம்ப்யூட்டர் என்று பேச்சை எடுத்தால் மட்டும் முதலாளி ராம்கி, "அடுத்த மாசம் பாப்போம் மேடம்" என்பான். அந்த அடுத்த மாதம் இரண்டு வருடமாக வரவேயில்லை.

வரவழைத்தது ஒரு வைரஸ். திண்டுக்கல் பக்கம் இதே மாதிரி ஒரு தீவன ஆலையில் கம்ப்யூட்டர் மொத்தமும் பூட்டிக்கொண்டு, ஒரு வாரம் கையால் கலந்தார்கள் என்று சேதி வந்தது. ராம்கிக்கு வேர்த்துவிட்டது. உடனே அவனுடைய சித்தப்பாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டு யோசனை கேட்டான். அவர் கேட்ட முதல் கேள்வியே இதுதான்: "மொத்தத்தையும் கோயமுத்தூர்க் கம்பெனிக்காரன்கிட்ட விட்டுட்டா அவனே வந்து எல்லாம் பாத்துக்கிருவான். பெறகு இந்தம்மா எதுக்கு?"

ரூத் அந்த அறையில்தான் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கோபத்தில் யாரும் அளந்து பேசுவதில்லை.

"ஆலை ஒரே ஒரு நாள் நின்னாப் போதும் சார். நான் மாத்திக் காட்டுறேன். மறுநாள் காலையில முதல் லோடு கிளம்பலைன்னா நானே எழுதிக் குடுத்துட்டுப் போயிடுறேன்."

சித்தப்பா அதற்குத் தலையாட்டினார். அன்று சாயங்காலம் ஆலை வேனில் வீட்டுக்குப் போகும்போது ரூத் வழி நெடுக நாக்கைக் கடித்துக்கொண்டே போனாள். பிள்ளைகளின் படிப்பு, வீட்டுக் கடன், இந்த வயதில் வேறு வேலை என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. சொன்னது சொன்னதுதான்.

ஆலை நிற்கிற நாள் என்று வருடத்தில் ஒரே ஒரு நாள்தான் உண்டு. ஆயுத பூஜை. பொங்கலுக்குக்கூட அரை நாள் ஓட்டுவார்கள். ஆயுத பூஜைக்கு மட்டும் முழுசாக நிறுத்திக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து சாமி கும்பிடுவார்கள். கும்பிட்ட பிறகு ஒரு சுத்தியலைக்கூடத் தொடக் கூடாது. மறுநாள் விடிந்ததும் மறுபூஜை போட்டுவிட்டுத்தான் மிஷினை எடுக்க வேண்டும். ஆகவே பூஜையைச் சாயங்காலத்துக்கு வைத்துக்கொள்வது, அதற்குள் ரூத் வேலையை முடித்துவிடுவது என்று எல்லோரும் கூடிப் பேசி முடிவானது. புதுக் கம்ப்யூட்டருக்கும் சேர்த்து அன்றைக்கே பொட்டு வைத்துவிடலாம் என்று எல்லோருக்கும் சந்தோஷம்.

பூஜைக்கு முதல் நாள் பகலிலேயே ரூத் புதுப் பெட்டியில் புது விண்டோஸ் போட்டு, கலவை மென்பொருளையும் ஏற்றி, கலவைக் கணக்கு அத்தனையையும் நகல் எடுத்துவிட்டாள். மிச்சம் இருந்தது ஒரு சாவி. கட்டைவிரல் அளவில், பார்ப்பதற்கு பென்டிரைவ் போல இருக்கும். அதைச் செருகினால்தான் அந்த மென்பொருள் ஓடும். அதைக் கொடுத்த கம்பெனி கடையைச் சாத்திவிட்டுப் போய்விட்டதால் உலகத்தில் அது ஒன்றே ஒன்றுதான். பழைய கம்ப்யூட்டரின் முதுகில் செருகியிருந்தது. அன்றைய கடைசிக் கலவை முடியும்வரை அதை எடுக்க முடியாது. ரூத் போகிற ஆலை வேனோ அதற்கு முன்பே கிளம்பிவிடும்.

கலவை அறையில் உட்கார்ந்து மிஷினை ஓட்டுகிறவர் பால்பாண்டி. ரூத்தைவிடப் பத்து வயது மூத்தவர், நிதானமான ஆள். அவரிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

"அண்ணே, கடைசி லோடு முடிஞ்சதும் அணைச்சுட்டு, வயரெல்லாம் உருவிட்டு, அந்தப் பெட்டியை அப்படியே பத்திரமா எடுத்து வையுங்க. முதுகுல இருக்கிற சாவியைக் கழட்டாதீங்க, தொலைஞ்சிரும். சுத்தம் பண்றேன்னு ஊரே உள்ள வரும். யாரும் தொடாத இடமாப் பாத்து வையுங்க."

"அதெல்லாம் நான் பாத்துக்கிறேன் மேடம். நீங்க நிம்மதியாப் போங்க."

ரூத் நிம்மதியாகத்தான் போனாள்.

மறுநாள் காலையில் அவனியாபுரத்தில் ஒரு பட்டறையில் அவளுக்கு வேலை இருந்தது. புதுக் கம்ப்யூட்டருக்குத் தூசி புகாத இரும்புக் கூடு ஒன்று அடிக்கக் கொடுத்திருந்தாள். போய்ப் பார்த்தால் பட்டறைக்காரர் குளித்து, திருநீற்றுப் பட்டை போட்டு, வாழைக்கன்று கட்டிக்கொண்டிருந்தார். கூட்டுக்குக் கதவு மாட்டவில்லை. "பூசைக்கு முன்னால மாட்டித் தந்துருவேன் தங்கச்சி" என்று அவர் சொன்னதை நம்பி நின்றாள். மாட்டித்தான் கொடுத்தார், பொறுமை முழுவதையும் சோதித்த பிறகு. இரும்புக் கூட்டை மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோ, அப்புறம் பஸ், அப்புறம் இன்னொரு பஸ். பண்டிகைக் கூட்டம் வேறு. பைக்குள் போன் அடித்ததுகூட அவளுக்குக் கேட்கவில்லை.

ஆலை வாசலில் இறங்கியதுமே சாம்பிராணி வாசம் வந்தது. ரூத்துக்குத் திக்கென்றது. உள்ளே ஓடினாள். மூட்டை தைக்கிற பெண்கள் தலை நிறையக் கனகாம்பரத்தோடு, ஆளுக்கொரு பொட்டலம் பொரிகடலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். கூடத்தின் நடுவில் மேஜை போட்டு, அதன்மேல் சரஸ்வதி படம். படத்துக்கு முன்னால் ஸ்பேனர்கள், சுத்தியல்கள், தராசுக்கல், சாக்குத் தைக்கும் மிஷின், லாரிச் சாவிகள். அத்தனைக்கும் நடுநாயகமாகப் பழைய கம்ப்யூட்டர். நெற்றி நிறையச் சந்தனம், நடுவில் குங்குமம், கழுத்து என்று ஒன்று இருக்கிற மாதிரி ஒரு ரோஜா மாலை. கிட்டே போய் எட்டிப் பார்த்தாள். முதுகில் இருந்த சாவிக்கும் ஒரு பொட்டு வைத்திருந்தார்கள்.

"பூசை முடிஞ்சிருச்சா?" என்றாள். கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

"சாயங்காலம் மதுரைக் கடையில பூசை இருக்கு மேடம். ரெண்டு எடத்துக்கும் ஓட முடியாதுன்னு இங்க முன்னாடியே போட்டாச்சு. உங்களுக்கு போன் போட்டேன், எடுக்கல" என்றான் ராம்கி, குற்ற உணர்ச்சியோடு பொரியை மென்றுகொண்டே.

ரூத் பால்பாண்டியின் பக்கம் திரும்பினாள். "அண்ணே, என்ன அண்ணே இது?"

பால்பாண்டிக்கு அவள் ஏன் வெளுத்துப்போய் நிற்கிறாள் என்றே புரியவில்லை. "நீங்கதேன மேடம் சொன்னீக, யாரும் தொடாத எடமாப் பாத்து வைய்யின்னு. சாமி முன்னால வச்சதை எவன் தொடுவான்? நம்மளுக்கு இம்புட்டு வருசம் உழைச்ச பெட்டி வேற. கடைசியா ஒரு மரியாதை பண்ணுவோம்னு நடுவுல வச்சோம்."

அவர் சொன்னதில் ஒரு குற்றமும் கண்டுபிடிக்க முடியாதது ரூத்துக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. இந்த ஆலையில் அதைவிடப் பத்திரமான இடம் உண்மையிலேயே கிடையாது. புதுக் கம்ப்யூட்டருக்கு வேண்டிய சாவியும் சாமியிடம். புதியது கைவிட்டால் திரும்பிப் போகலாம் என்று வைத்திருந்த பழையதும் சாமியிடம். திட்டத்தில் இருந்த இரண்டு கதவையும் ஒரே மாலையால் சாத்திவிட்டார்கள்.

காலையில் மறுபூஜை முடிந்தபிறகு சாவியை எடுத்தால் போதாது. எடைகளைச் சரிபார்க்க வேண்டும், ஒவ்வொரு தொட்டியாகத் திறந்து மூடிப் பார்க்க வேண்டும், ஒரு கலவை ஓட்டிப் பார்க்க வேண்டும். அரை நாள் வேலை. லாரிகளோ விடியற்காலையிலேயே வந்து வரிசையில் நிற்கும். பழையதையே மறுபடி மாட்டி ஓட்டலாம். அது எழுந்திருந்தால் லோடு கிளம்பும். ஆனால் மாற்றிக் காட்டுகிறேன் என்று சொன்ன வாய் என்ன சொல்லும்? எழுந்திருக்காவிட்டால் லோடும் இல்லை, வேலையும் இல்லை. அடுத்த வருட ஆயுத பூஜைக்கு அவள் இந்த ஆலையில் இருக்கப்போவதில்லை.

"சார், அந்த ஒரு சாவியை மட்டும் எடுத்துக்கிறேன். கொஞ்ச நேரம் மிஷினை ஓட்டிப் பார்க்கணும்" என்றாள் ராம்கியிடம்.

ராம்கி மெல்லுவதை நிறுத்தினான். "வேற என்ன வேணும்னாலும் கேளுங்க மேடம். அப்பா இருக்கும்போது ஒரு வருசம் பூசை முடிஞ்ச பெறகு அவசர லோடுன்னு மிசினை எடுத்தாக. பெல்ட்டு அந்து ஒருத்தர் கையே போச்சு. அன்னைக்கு அப்பா சொன்னது, இனி என் வம்சத்துல எவனும் எடுக்கப்படாதுன்னு. நான் எப்படி எடுக்கச் சொல்லுவேன்?"

கூடத்தில் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நீ கிறிஸ்தவப் பெண், உனக்கு இதெல்லாம் தெரியாது என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் சண்டையாவது போட்டிருப்பாள். இப்போது அதற்கும் வழியில்லாமல் இரும்புக் கூட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணில் நீர் முட்டியது.

மூட்டை தைக்கிற பெண்களுக்கெல்லாம் மேஸ்திரி சின்னத்தாய். ஆலையில் சாமி காரியம் எல்லாம் அவள் கையால்தான். இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"எதுக்கு ஆளாளுக்கு முழிச்சுக்கிட்டு நிக்கிறீக? எடுக்கலாமா வேணாமான்னு படத்துல இருக்கிறவளையே கேட்டுருவோம். பூக்கட்டிப் பாப்போம். வெள்ளை வந்தா உத்தரவு. செவப்பு வந்தா காலையில வரைக்கும் ஒரு பயலும் கிட்டப் போகக்கூடாது. கேக்குறதை மொத்தமாக் கேட்டுருவோம், சாவிக்கும் மிசினுக்கும் சேத்து."

ராம்கியின் முகத்தில் உயிர் வந்தது. பொறுப்பு தன் தலையிலிருந்து இறங்கினால் எந்த முதலாளிக்கும் சந்தோஷம்தான். "ஆமா, அதுதேன் சரி. அம்மா உத்தரவு குடுத்துட்டா எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல."

வெள்ளை அரளி ஒன்று, செவ்வரளி ஒன்று. தனித்தனியாக வாழையிலையில் மடித்து நூல் சுற்றிப் படத்துக்கு முன்னால் போட வேண்டும். கேட்கிறவர் ஒன்றை எடுக்க வேண்டும். "நான் கட்டிட்டு வாரேன்" என்று பால்பாண்டி கிளம்பினார். போகிறபோது ரூத்திடம் குனிந்து, "நீங்க ஒண்ணுக்கும் பயப்படாதீக மேடம். நான் பாத்துக்கிறேன்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ரூத்துக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. இரண்டிலும் வெள்ளையை வைத்துக் கட்டப்போகிறார்! பாவம், தன்னால் வந்த வினை என்று மனசு கேட்காமல் செய்கிறார். நெஞ்சின் மேல் இருந்த பாரம் சட்டென்று இறங்கியது. பால்பாண்டி அண்ணே, நீங்க நல்லா இருக்கணும் என்று மனதுக்குள் வாழ்த்தினாள். அந்தத் தெம்பில் எல்லோருக்கும் கேட்கும்படி, "சிவப்பு வந்தா நான் தொட மாட்டேன். காலையில லோடு போகலைன்னா சொன்ன சொல்லையும் காப்பாத்துவேன்" என்று வேறு அறிவித்தாள். கூட்டம் அசந்துபோய்ப் பார்த்தது. சின்னத்தாய், "பொம்பளைன்னா இப்படி இருக்கணும்டி" என்று பக்கத்தில் நின்றவளை இடித்தாள்.

பால்பாண்டி இரண்டு பொட்டலங்களையும் உள்ளங்கையில் போட்டுக் குலுக்கிப் படத்துக்கு முன்னால் உருட்டிவிட்டார். இரண்டும் பச்சையாக, ஒன்றுபோல. சின்னத்தாய் சூடம் ஏற்றினாள்.

"கேக்குறவுக கையாலதேன் எடுக்கணும். வாங்க மேடம். கண்ணை மூடி மனசுல கேட்டுட்டு எடுங்க."

இதை ஜெரால்டின் அம்மா ஆனிமேரி பார்த்தால் என்ன ஆகும் என்று ஒரு கணம் நினைத்துக்கொண்டாள். ஆனாலும் செருப்பைக் கழற்றிவிட்டு முன்னால் போனாள். கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். எந்த வயரை முதலில் மாட்டுவது, எடைத் தொட்டியை முதலில் பார்ப்பதா, உப்புத் தொட்டியைப் பார்ப்பதா என்று அவள் மனம் வேலையை ஆரம்பித்திருந்தது. போதுமான நேரம் நின்றாயிற்று என்று தோன்றியதும் கையை நீட்டி, விரலில் தட்டுப்பட்டதை எடுத்துச் சின்னத்தாயிடம் கொடுத்தாள்.

சின்னத்தாய் நூலைப் பிரித்து, இலையை விரித்து, கையை உயர்த்திக் காட்டினாள். வெள்ளை அரளி.

பெண்கள் குலவை போட்டார்கள். தகரக் கூரையே அதிர்ந்தது. ராம்கி கன்னத்தில் போட்டுக்கொண்டான். பால்பாண்டி சத்தமாக மூச்சு விட்டுவிட்டு, தன் கையாலேயே சாவியை உருவி, சந்தனத்தை வேட்டி நுனியில் துடைத்து ரூத்திடம் கொடுத்தார். நன்றாக நடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

அப்புறம் அவளுக்கு யாரும் கண்ணில் படவில்லை. புதுக் கம்ப்யூட்டரை இரும்புக் கூட்டில் பொருத்தி, சாவியைச் செருகி, மென்பொருளைத் திறந்தாள். திறந்தது. தொட்டிகள் வரிசையாகத் திரையில் வந்தன. எடை மட்டும் பூஜ்யத்திலேயே நின்றது. எடைத் தொட்டிக்குள் பால்பாண்டியையே இறங்கி நிற்கச் சொன்னாள். அவர் முழு உருவமாக உள்ளே நின்றார். திரையைக் கேட்டால் ஒன்றுமே இல்லை என்றது. வயரை மாற்றினாள், மறுபடி அதே பூஜ்யம். உத்தரவு வாங்கியும் தோற்றுவிட்டோமா என்று பயந்தாள். அப்போதுதான் உறைத்தது. பழைய விண்டோஸில் எடைக்கருவி உட்கார்ந்திருந்த வாசல் எண், அதாவது போர்ட் நம்பர், வேறு, புது விண்டோஸ் அதற்குக் கொடுத்திருந்த வாசல் எண் வேறு. மென்பொருள் பழைய வாசலில் போய்க் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது. எண்ணை மாற்றிக் கொடுத்தாள். மறுநொடி பால்பாண்டியின் எடை திரையில் வந்து நின்றது.

"வந்துட்டீங்க அண்ணே!" என்று கத்தினாள்.

"எம்புட்டு மேடம் காட்டுது?"

அவள் சொன்னாள். "அம்புட்டெல்லாம் இருக்காது, மறுபடி பாருங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. கூடி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குள் ஒரு கலவை ஓடி முடிந்தது. தவிடு தவிட்டின் அளவில் விழுந்தது, உப்பு உப்பின் அளவில். ரூத் ஒரு கைப்பிடி தீவனத்தை அள்ளி முகர்ந்து பார்த்தாள். அவளுக்கு அது அன்றைக்குப் பொங்கல் சோறு மாதிரி மணத்தது. வீட்டுக்குப் போன் போட்டாள். ஜெரால்ட் முதலில் கேட்டது, "ஜெபம் பண்ணிட்டுத்தானே ஆரம்பிச்ச?" என்பது. "ம்" என்றாள். அதற்கு மேல் விவரம் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை. அன்று ராத்திரி பேரையூரில் சின்னத்தாய் வீட்டிலேயே படுத்துக்கொண்டாள்.

விடிந்ததும் மறுபூஜை. தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, எலுமிச்சம்பழத்தை மிஷினின் காலடியில் வைத்து நசுக்கினார்கள். ராம்கி, "மேடம், நீங்களே போடுங்க" என்றான். ரூத் பொத்தானை அழுத்தினாள். முதல் தொட்டி திறந்தது. மக்காச்சோளம் கொட்டுகிற சத்தம் கேட்டது. அடுத்தது தவிடு, அதற்கடுத்தது புண்ணாக்கு. மூட்டைகள் தைக்கப்பட்டு ஒவ்வொன்றாக வெளியே வந்தன. முதல் லாரி தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டு ஹாரன் அடித்தபடி கேட்டைத் தாண்டிப் போனது.

ராம்கி போனைக் காதில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நடந்துகொண்டிருந்தான். "சித்தப்பா, லோடு கிளம்பிருச்சு. ஆமா, புதுசுலதேன். கோயமுத்தூர்க்காரன் எல்லாம் வேணாம் சித்தப்பா. நம்ம மேடம் இருக்காக."

ரூத்துக்கு அப்படியே தரையில் படுத்துவிடலாம் போல் இருந்தது. பல மாதமாகத் தோளைக் கவ்விக்கொண்டிருந்த ஏதோ ஒன்று கழன்று விழுந்துவிட்டது. வேலை இருக்கிறது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவள் எப்படியோ தப்பித்துவிட்டாள். சின்னத்தாய் கொண்டுவந்து கொடுத்த டீயைக் குடித்தபோது, இப்படி ஒரு டீயைப் பிறந்ததிலிருந்து குடித்ததில்லை என்று தோன்றியது.

கூடத்தில் பால்பாண்டி பூஜை மேஜையைக் கலைத்து ஸ்பேனர்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் யாரும் இல்லை. ரூத் போய் நின்றாள்.

"அண்ணே, உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், கவலைப்படாதீங்க."

"எதை மேடம்?"

"அதான், ரெண்டுலயும் வெள்ளையை வச்சுக் கட்டினீங்களே."

பால்பாண்டியின் கையிலிருந்த துணி நின்றது. அவர் முகம் முதலில் புரியாமலும், பிறகு புரிந்து மிரண்டும் போனது. "என்ன மேடம் சொல்றீக? சாமி விசயத்துல நான் அப்படிப் பண்ணுவனா? எனக்கும் பிள்ளை குட்டி இருக்குல்ல?"

"நான் பாத்துக்கிறேன்னு சொன்னீங்களே..."

"ஆமா. நல்ல பூவாப் பறிச்சு, இலை கிழியாமக் கட்டுறேன்னு சொன்னேன். வேற என்னத்தைச் சொன்னேன்?"

சரஸ்வதி படத்தின் ஓரத்தில் இன்னொரு பொட்டலம் கிடந்தது. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கும் வழக்கம் இல்லை என்பதால் அப்படியே விட்டிருந்தார்கள். பால்பாண்டி அதை எடுத்து, கோபமும் வருத்தமுமாக நூலை இழுத்து, இலையை விரித்து அவள் முன்னால் நீட்டினார். உள்ளே செவ்வரளி. இரவெல்லாம் கிடந்து கொஞ்சம் வாடியிருந்தது. ஆனால் நல்ல சிவப்பு.

ரூத் பக்கத்தில் கிடந்த தீவன மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டாள். எல்லோர் முன்னாலும் அந்தச் சவடால் விட்டபோது, விரலில் தட்டுப்பட்டதை எடுத்தபோது, இது பக்கத்திலேயே கிடந்திருக்கிறது. கை ஒரு விரற்கடை இந்தப் பக்கம் வந்திருந்தால் இந்நேரம் அவள் ஆபீஸ் மேஜையைக் காலி செய்துகொண்டிருப்பாள்.

அவள் முகத்தைப் பார்த்துப் பால்பாண்டியின் கோபம் போய்விட்டது. "விடுங்க மேடம். அதுதேன் வெள்ளை வந்துருச்சுல்ல. நீங்கதேன் கண்ணை மூடி அம்புட்டு உருக்கமா வேண்டிக்கிட்டு நின்னீகளே. நான்கூட நெனச்சேன், இவுக சாமி கிட்டயும் சேத்துக் கேக்குறாகன்னு."

ரூத் வாடிய பூவையே பார்த்தாள். அந்த நேரத்தில் தான் நினைத்துக்கொண்டு நின்றது வயரையும் உப்புத் தொட்டியையும் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? ஊரே அவளுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது. சம்பந்தப்பட்டவள் ஒருத்தி மட்டும் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. கேட்காமலே கிடைத்திருக்கிறது.

வெளியே அடுத்த லாரிக்கு மூட்டை ஏறிக்கொண்டிருந்தது. ரூத் டீ டம்ளரைக் கீழே வைத்தாள். சேலைத் தலைப்பை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, தீவன மூட்டையில் உட்கார்ந்தபடியே, இந்தத் தடவை நிஜமாகவே கண்ணை மூடினாள். பால்பாண்டி ஸ்பேனர்களைச் சத்தம் வராமல் எடுத்து வைத்துக்கொண்டு அவள் முடிக்கும்வரை காத்திருந்தார்.